நரம்பியல்: இழந்த மாதங்களின் கணக்கு

குழந்தைக்கு என்ன கோளாறு என்று பெற்றோருக்குத் தெரிவதற்குள் நோய் பாதி வேலையை முடித்துவிடுகிறது. தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியாவில் நரம்பியல் நிபுணரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு முதல் எதிரி நோயல்ல, தாமதம்.

கேனிங்கிலிருந்து சியால்தா போகும் லோக்கல் ரயில் டாக்குரியாவில் நிற்பது சில வினாடிகள்தான். அதற்குள் இறங்க வேண்டியவர்கள் முட்டி மோதி இறங்கிவிட வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், காய்கறிக் கூடைக்காரர்கள், கட்டடத் தொழிலாளர்கள் என்று சுந்தரவனத்தின் ஓரத்து ஊர்களிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்த கூட்டம் அது. அந்தக் கூட்டத்தில், இடுப்பில் சுமக்கும் வயதைத் தாண்டிவிட்ட பிள்ளையைச் சுமந்தபடி, ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கும் தாயையும் பார்க்கலாம். நாலு வயதுப் பிள்ளையை ஒரு தாய் இன்னும் சுமக்கிறார் என்றால் அதற்குக் காரணம் செல்லமாக இருக்க வாய்ப்பில்லை.

டாக்குரியா மேம்பாலத்தைச் சுற்றிலும் வைத்தியத்துக்குக் குறைவில்லை. பெரிய தனியார் மருத்துவமனை உண்டு. மருந்துக்கடையின் பின்னறையில் வாரத்துக்கு இரண்டு மாலை மட்டும் உட்காரும் டாக்டரும் உண்டு. கொல்கத்தாக்காரர்கள் அதை 'சேம்பர்' என்பார்கள். இந்தப் பேட்டையின் பெயரை நாடு முழுவதும் அறிந்தது ஒரு துயரத்தால். 2011 டிசம்பர் 9 அதிகாலையில் இங்குள்ள மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் பிடித்த தீ மாடிகளைப் புகையால் நிரப்பியதில் சுமார் 90 பேர் மாண்டனர். பெரும்பாலோர் படுக்கையை விட்டுத் தாமாக எழ முடியாத நோயாளிகள். அந்த நினைவு இருந்தாலும் ரயிலில் வருகிறவர்கள் வரத்தான் செய்கிறார்கள். அவர்களுடைய ஊரில் நரம்பியல் நிபுணர் என்று யாரும் இல்லை. சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் கே. கணபதி 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 90 கோடிக்கும் அதிகமானவர்கள் வாழும் இடங்களில் ஒரு நரம்பியல் மருத்துவர்கூடக் கிடையாது.

அறைக்குள் நடப்பது முதல் தடவை வருகிறவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். மேஜை மேல் ரப்பர் சுத்தியல், டார்ச், தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஓர் அளவு நாடா. ஸ்கேன் கவரை நீட்டினால் நிபுணர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்க்கிறார். எந்தக் கையால் பொம்மையை எடுக்கிறது? மற்றொரு கை மடங்கியே இருக்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? நாடாவால் தலையின் சுற்றளவை அளக்கிறார். பிறகு கேள்விகள். பிறந்தவுடன் அழுததா? எடை என்ன? மஞ்சள் காமாலை வந்து நீலவிளக்கின் கீழ் வைத்தார்களா? கழுத்து எந்த மாதம் நின்றது? எப்போது உட்கார்ந்தது? பிரசவம் நடந்த இடத்தின் சீட்டு பல வீடுகளில் தொலைந்து போயிருக்கும். அம்மாவின் ஞாபகம்தான் ஆவணம். பக்கத்து வீட்டுப் பிள்ளை துர்கா பூஜைக்கு நடந்தது, எங்கள் பிள்ளை அப்போது உட்காரக்கூட இல்லை என்பது போன்ற ஞாபகம். நிபுணருக்கு அது போதும்.

எந்த மருந்தை எழுதுகிறார் என்பதைவிட, நோய்க்கு என்ன பெயரைச் சொல்கிறார், எத்தனை சீக்கிரம் சொல்கிறார் என்பதுதான் இந்த வைத்தியத்தில் பெரிய விஷயம். இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு.

1841-ல் இங்கிலாந்தில் டாக்டர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்பவர் லான்செட் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி அவருடைய சொந்த மகன். நாலு மாதம் வரை நன்றாக இருந்த குழந்தை திடீரென்று தலையை முழங்காலை நோக்கிக் குனிந்து குனிந்து நிமிர ஆரம்பித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. வரிசையாக, பல தடவை. பிறகு சிரிப்பு நின்றது, வளர்ச்சி உறைந்தது. லண்டனின் பெரிய டாக்டர்களிடம் கொண்டு காட்டியும் பலனில்லை. கும்பிடு போடுவது போலிருந்ததால் அதற்கு 'சலாம் வலிப்பு' என்று பெயர் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி நாட்களில் இந்தியாவிலிருந்து போன சொல் ஆங்கிலேயக் குழந்தையின் நோய்க்குப் பெயராயிற்று. இன்று மருத்துவ உலகம் அதை வெஸ்ட் சிண்ட்ரோம் என்கிறது.

வெஸ்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று கிடைக்கிறது. ஏ.சி.டி.எச். ஊசி உண்டு, விகாபாட்ரின் உண்டு, ஸ்டீராய்டு மாத்திரை அதிக விலைகூட இல்லை. ஆனால் மாதக்கணக்கில் தாமதித்தால் அதே மருந்துக்குப் பலன் குறைகிறது. வலிப்பை நிறுத்தினாலும், நின்றுபோன வளர்ச்சி முழுதாகத் திரும்புவதில்லை. தாமதம் வருவதற்குக் காரணம் அலட்சியமல்ல. வலிப்பு என்றால் வாயில் நுரை தள்ளி, கை கால் வெட்டி இழுக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் நாலைந்து தடவை குனிந்தால் வயிற்று வலி என்கிறாள் பாட்டி. திடுக்கிட்டிருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உள்ளூர் டாக்டரிடம் போகும்போது குழந்தை சமர்த்தாக இருக்கும். அவர் கிரைப் வாட்டர் எழுதித் தருவார். இங்கேதான் செல்போன் பெரிய உதவி செய்திருக்கிறது. அப்படிக் குனியும்போது ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொண்டு வந்தால் நிபுணர் அதைப் பார்த்த மாத்திரத்தில் இ.இ.ஜி.க்கு அனுப்பிவிடுவார். நூறு வார்த்தை வர்ணனையைவிட அந்த ஒரு நிமிடப் படத்துக்கு மதிப்பு அதிகம்.

பெரிய வலிப்புக்கு வேறு மாதிரி சங்கடங்கள். வங்காளத்தில் வலிப்பு வந்தவரின் மூக்கில் செருப்பைக் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரண்டும் ஒன்றும் செய்வதில்லை. வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கிறது, புகழ் செருப்புக்கும் சாவிக்கும் போகிறது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனை.

வலிப்பு நோயாளிகளில் 70 சதவிகிதம் வரை சரியான மருந்தால் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருந்தும் கிராமங்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் முறையான சிகிச்சையில் இல்லை. தொடங்கியவர்களும் மூன்று மாதம் வலிப்பு வராவிட்டால் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பெண் குழந்தை என்றால் மாத்திரைப் பட்டையையே ஒளித்து வைக்கிறார்கள். காரணம் கல்யாணம். இந்த பயத்தை ஒரு காலத்தில் சட்டமே ஊட்டி வளர்த்தது: 1976-ல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் வலிப்பை மணமுடிக்கத் தகுதியின்மைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. அது நீக்கப்பட்டது 1999-ல். சட்டத்திலிருந்து போனது மாப்பிள்ளை வீட்டார் மனதிலிருந்து இன்னும் போகவில்லை. ஆகவே டாக்குரியா சேம்பரில் நிபுணரின் வேலைகளில் ஒன்று, இருபது வயதுப் பெண்ணின் தந்தையிடம் எதை மறைக்கக்கூடாது என்று சொல்வது. அவள் தாயாக விரும்பும் நாளுக்குள் எந்த மாத்திரையை மாற்ற வேண்டும் என்று திட்டமிடுவது. வால்புரோயேட் என்ற பழகிய மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அதைக் கல்யாணத்துக்குப் பிறகு சொல்வது தாமதம்.

வங்காளிக்கு இந்த விஷயத்தில் தமிழ்நாட்டோடு பழைய உறவு ஒன்று உண்டு. தீராத நோய் என்றால் ஹவுராவில் ரயிலேறி காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குப் போவது அங்கே பல குடும்பங்களின் வழக்கம். வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கடைகளிலும் லாட்ஜுகளிலும் வங்காளிப் பெயர்ப்பலகைகள் தொங்குவது இதனால்தான். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது அங்கேதான். டாக்குரியாவில் இன்று வலிப்போடு வரும் சிறுவனுக்கும் வேலூர் மறைமுகமாக உதவுகிறது. இப்படிப்பட்டவர்களின் மூளை ஸ்கேனில் ஒரு சிறிய வெள்ளை வளையம் அடிக்கடி தெரியும். அதைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலான வேலூர் டாக்டர்கள், அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்கியதால் வருபவை என்று 1989-ல் லான்செட்டில் காட்டினார்கள். பன்றி இறைச்சி தொடாதவருக்கும் இது வரும். மனித மலத்திலிருந்து தண்ணீரிலும் கழுவாத கீரையிலும் கலக்கும் முட்டைதான் வழி. சுத்த சைவக் குடும்பங்களிடம் இதை விளக்குவதற்கு நிபுணர்கள் கொஞ்சம் பொறுமை வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் இப்படி நல்ல முடிவு இல்லை. ஐந்து வயதுப் பையன், கெண்டைக்கால் இரண்டும் பயில்வானுக்கு இருப்பது போலப் பருத்திருக்கிறது. தாத்தாவுக்கு அதில் பெருமை. அடிக்கடி விழுகிறான் என்பதுதான் குறை. நிபுணர் அவனைத் தரையில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொல்கிறார். கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில், பிறகு தொடையில் வைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுகிறான். 19-ஆம் நூற்றாண்டின் லண்டன் டாக்டர் கவர்ஸின் பெயரால் வழங்கும் அடையாளம் இது. டுஷேன் தசைச் சிதைவு நோய். பருத்திருப்பது தசையல்ல, தசை அழிந்த இடத்தை நிரப்பிய கொழுப்பும் நாரும். நோயைக் குணமாக்க முடியாது. ஸ்டீராய்டு கொடுத்தால் நடக்கும் காலத்தைச் சில வருடங்கள் நீட்டலாம். இதயத்தையும் மூச்சையும் கண்காணிக்கலாம். அதைவிட முக்கியமாக, மரபணு பெரும்பாலும் தாய் வழி வருவதால் அடுத்த கர்ப்பத்துக்கு முன் சோதிக்கலாம். மூத்தவனுக்கு எட்டு வயதில் நோய் தெரிந்து, அதற்குள் பிறந்துவிட்ட தம்பிக்கும் அதே நோய் என்று அறியும் குடும்பங்கள் உண்டு. அந்த அறையில் தாயைக் குற்றவாளியாகப் பார்க்கும் மாமியாரைக் கையாள்வதற்கு எந்த மருத்துவக் கல்லூரியிலும் பாடம் கிடையாது.

மேம்பாலத்திலிருந்து மேற்கே ரவீந்திர சரோவர் ஏரியைத் தாண்டினால் லேக் மார்க்கெட். கறிவேப்பிலையும் வாழையிலையும் ஃபில்டர் காபித்தூளும் கிடைக்கும் இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வெளி மாநிலத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சமாதானம் இங்கேயும் உண்டு. வீட்டில் தமிழ், வேலைக்காரம்மாவிடம் வங்காளி, பூங்காவில் இந்தி, ஸ்கூலில் இங்கிலீஷ். அதனால்தான் பிள்ளைக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை, குழம்பிப் போயிருக்கிறான் என்பார்கள். ஊரிலிருந்து போனில் பேசும் அத்தை, உங்கப்பாவும் லேட்டாகத்தான் பேசினான் என்று முத்தாய்ப்பு வைப்பார்.

இது தவறான ஆறுதல். பல மொழி கேட்டு வளரும் குழந்தை ஒவ்வொரு மொழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்களைச் சேர்க்கும். ஆனால் பேசாமலே இருந்துவிடாது. ஆட்டிசம் உள்ள குழந்தையைக்கூட இரண்டு மொழிகள் பின்னுக்குத் தள்ளுவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. நிபுணர் சொற்களை எண்ணுவதற்கு முன் விரலைப் பார்க்கிறார். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, அல்லது அம்மாவின் கையைப் பிடித்து ஒரு கருவி போல அதன் மேல் வைக்கிறதா? விமானம் போனால் 'பார்' என்று அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறதா? காது கேட்கிறதா என்பதற்கு முதலில் சோதனை. செவிட்டுத்தன்மையை ஆட்டிசம் என்று எண்ணி இரண்டு வருடத்தைத் தொலைப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ஆட்டிசத்துக்கு மாத்திரை இல்லை. கூட வரும் வலிப்புக்கும் தூக்கமின்மைக்கும் உண்டு. மற்றதெல்லாம் பயிற்சி, பேச்சு, விளையாட்டு. வீட்டு மொழியை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்லும் ஆலோசனை இன்னும் சில பள்ளிகளில் கிடைக்கிறது. அதைக் கேட்டால் பாட்டியிடமிருந்து குழந்தை பிரிந்துவிடும். வேறு லாபம் இல்லை.

இந்தக் குழந்தைகள் எத்தனை பேர்? பல்வல், காங்ரா, தென்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. பார்வை, செவிக் குறைபாடுகளையும் சேர்த்து, ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு நரம்பு வளர்ச்சிக் கோளாறு இருப்பதாக அது கண்டது. அரசுக்கும் இது தெரியாததல்ல. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஆரம்ப நிலைச் சிகிச்சை மையம் வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியபடி எல்லா இடத்திலும் நடந்திருந்தால் கேனிங் லோக்கலில் இத்தனை ஸ்கேன் கவர்கள் வரவேண்டியதில்லை.

"டிக் ஹோயே ஜாபே தோ, டாக்தார்பாபு?" சரியாகிவிடும்தானே என்ற இந்தக் கேள்விதான் கடைசியில் வருகிறது. செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதத்தில் இதற்கு நேர்மையான பதில், இல்லை. மூளையில் ஏற்பட்ட காயம் பெரிதாகாது, ஆறவும் ஆறாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் கை கால் இறுகி வளையும். பாக்லோஃபென் மாத்திரையும் போட்யூலினம் ஊசியும் இறுக்கத்தைத் தளர்த்தும். ஊசியின் பலன் சில மாதங்கள்தான்; அந்த இடைவெளியில் தசைப்பயிற்சி செய்யாவிட்டால் பணம் வீண்.

இந்த 'இல்லை' என்ற பதிலைத் தாங்க முடியாதவர்களுக்காகவே ஒரு வியாபாரம் நடக்கிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேசும், நடக்கும் என்று லட்சங்களில் கட்டணம் வாங்கும் இடங்கள் நாடெங்கும் முளைத்தன. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குக் குழு 2022 டிசம்பரில் தெளிவாகச் சொன்னது. நிலத்தை விற்றுப் பணம் கட்டிவிட்டுப் பிறகு டாக்குரியாவுக்கு வரும் குடும்பத்தில் பிசியோதெரபிக்குக் காசு மிஞ்சியிருக்காது. நிபுணர் ஒரு தந்தையை இந்த ஊசியிலிருந்து தடுத்து அனுப்பினால் அன்று அவர் எழுதிய மருந்துகளைவிட அது பெரிய வைத்தியம்.

மருந்துச்சீட்டுக்கு அப்பால் வேலை வேறு கைகளுக்குப் போகிறது. கொல்கத்தாவில் அப்படிப்பட்ட கைகள் பழையவை. சுதா கவுல் 1974-ல் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொஸைட்டி பிற்காலத்தில் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் செரிப்ரல் பால்சி ஆகி, தாராதலாவில் இயங்கி வருகிறது. (சென்னையில் பூனம் நடராஜன் 1985-ல் தொடங்கிய வித்யாசாகரும் இதே வழியில் வந்தது.) பேச வராத பிள்ளைக்குப் படங்கள் ஒட்டிய அட்டையைக் கொடுத்து, விரலாலோ கண்ணாலோ 'பேச' வைப்பது இங்கே தினசரி வேலை. உடல் முறுக்கிக்கொள்வதைப் பார்த்து மூளை வளர்ச்சி இல்லை என்று முடிவுகட்டிய பிள்ளைகள் கணக்குப் போடுவதைப் பெற்றோர் முதல் முறை பார்ப்பதும் இப்படித்தான்.

அங்கே படித்த ஜீஜா கோஷ் இதற்கு நாடறிந்த உதாரணம். மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர். பிரெசிடென்சி கல்லூரியில் பட்டம், இங்கிலாந்தின் லீட்ஸில் மேற்படிப்பு. 2012 பிப்ரவரியில் ஒரு மாநாட்டுக்காக கோவா செல்ல கொல்கத்தாவில் விமானம் ஏறி அமர்ந்தவரை, உடல்நிலையைக் காரணம் காட்டி இறக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட ஊனங்களின் எண்ணிக்கையை 7-லிருந்து 21 ஆக்கியது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், தசைச் சிதைவு, பார்க்கின்சன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே நிபுணரின் கையெழுத்துக்கு இன்னொரு மதிப்பும் சேர்ந்தது. சான்றிதழில் 40 சதவிகிதம் என்ற எண் விழுந்தால்தான் ரயில் சலுகையிலிருந்து உதவித்தொகை வரை கதவுகள் திறக்கும்.

மாலையில் டாக்குரியா பிளாட்பாரம் மறுபடி நிரம்புகிறது. கூடைகள் காலியாகத் திரும்புகின்றன. ஸ்கேன் கவர் வைத்திருக்கும் தாயின் கையில் இப்போது கூடுதலாக ஒரு சீட்டு, மாத்திரைப் பட்டை, பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்று. சலாம் வலிப்புக் குழந்தை என்றால் அடுத்த தேதி இரண்டு வாரத்தில். அதுவரை காலையில் எத்தனை தடவை, மாலையில் எத்தனை தடவை என்று கோடு போட்டுக் குறித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதத் தெரியாதவர் தீக்குச்சி எண்ணி வைத்தாலும் போதும். கேனிங் லோக்கலில் உட்கார இடம் கிடைத்தால், இன்றைய கணக்கை அங்கேயே ஆரம்பிக்கலாம்.